முந்நூறு சொல்லுக்குக் கீழே

நாள் 196, காலை 09:10

வெளியே மைனஸ் 84. நிலையத்துக்குள் 19. துளைக்கருவி நேற்று பதினொரு மீட்டர் இறங்கி, பனிக்குள் 342-ஆவது மீட்டரைத் தொட்டது. துளையிலிருந்து உருளை வடிவப் பனித்தண்டுகள் நான்கு எடுத்து எண்ணிட்டுப் பெட்டியில் வைத்தேன். ஆக்சிஜன் சீர். தண்ணீர் சீர். கழிவுத் தொட்டியின் பம்ப் மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறது.

இந்தக் குறிப்பேடு பூமிக்குப் போவதில்லை. நிலையத்தின் நினைவகத்திலேயே தங்கும். பிற்பாடு இங்கே வருகிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நான் அமுதவல்லி தேவசகாயம், வயது நாற்பத்தாறு, பனிப்பாறை ஆய்வில் டாக்டர் பட்டம் வாங்கியவள். செவ்வாயின் வடமுனைப் பனிவிளிம்பில் குளிர்காலம் முழுக்க நான் ஒருத்திதான். முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் தெற்கே கிழக்கு முகாம். அங்கே மூன்று பேர்: வண்டியோட்டும் பொறியாளர் சுடலைமுத்து, நில ஆய்வாளர் ரஹமத்துல்லா, மருத்துவர் நாச்சியார்.

தகவல் கடத்தும் செயற்கைக்கோள் இரண்டில் ஒன்று நாள் 188-இல் செத்துவிட்டது. அன்றோடு குரல் பேச்சு நின்றது. கருவிகளின் அளவீடுகள் தாமாகப் போகும். மனிதர் எழுதும் எழுத்தில் நாளொன்றுக்கு ஒரே ஒரு பதிவுதான் அனுப்பலாம். பூமியிலிருந்து வரும் குறிப்புக்கு மட்டும் ஒற்றை வரியில் பதில் எழுதலாம். திட்டத்தின் இணையப் பக்கத்தில் பொதுமக்கள் படிப்பதும், பொறியாளர்கள் படிப்பதும், பூமிக்குப் போய்த் திரும்பி வந்து கிழக்கு முகாம் படிப்பதும் அந்த ஒரே பதிவை.

இன்று அனுப்பியது 31-ஆவது பதிவு. 2,140 சொல். பனி அடுக்குகள் பற்றித்தான் பெரும்பகுதி. ஒன்பதாவது பத்தியில் ஒரு விஷயம்: என் வண்டிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் மயிரிழை போல வெடிப்புகள். கதவை மூடினால் உள்ளே காற்றைப் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். முகாமின் இரண்டு வண்டிகளிலும் அதே வளையம். பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன்.

நாள் 199, காலை 10:40

மைனஸ் 86. பூமியில் வாசகர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பிரணவிடமிருந்து:

"மேடம், ஒரு டேட்டா சொல்றேன். 31-வது பதிவ திறந்தவங்க ஆறு லட்சம் பேரு. முந்நூறாவது சொல்ல தாண்டினவங்க இருபதாயிரம். கடைசி வரைக்கும் வந்தவங்க நானூத்திப் பத்து பேரு. எழுத்து நல்லா இருக்கு மேடம், நீளம்தான் ஆள வெரட்டுது. ஒரு டெஸ்ட் பண்ணலாம். இதே பதிவ மூணு நீளத்துல மூணு கூட்டத்துக்குக் காட்டப் போறோம்."

கேட்டேன்: பொறியாளர்களுக்கு முழுதும் போகிறதா? பதில்: "முழுசும் போகுது மேடம், கவலப்படாதீங்க."

நாள் 203, காலை 10:35

சோதனை முடிவு வந்தது. இரண்டாயிரம் சொல் பதிவைக் கடைசிவரை படித்தவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. எழுநூறு சொல்லுக்கு நூற்றில் எட்டு பேர். முந்நூறுக்கு அறுபத்தொரு பேர்.

எண்ணோடு நான் சண்டை போடுகிறவள் இல்லை. ஆனால் தெருமுனைவரை போனவனையும் மதுரைவரை நடந்தவனையும் ஒரே தராசில் வைத்து, 'போய்ச் சேர்ந்தவர் சதவீதம்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு கட்டம்கூட அந்த அட்டவணையில் இல்லை. எரிச்சலாக இருந்தது. எரிச்சலை 290 சொல்லில் எழுதி அனுப்பினேன்.

நாள் 205, பகல் 13:20

மைனஸ் 88. உதிரிச் சாமான் பெட்டியில் இருந்த புது வளையம் ஒன்றை ஆறு துண்டாக வெட்டி, இரவில் வெளியே வைத்து மைனஸ் 95 வரை உறைய விட்டு, இடுக்கியால் வளைத்துப் பார்த்தேன். மைனஸ் 90-க்கு மேலே எந்தத் துண்டும் உடையவில்லை. அதற்குக் கீழே போனதும் ஆறாவது வளைப்பில் ஒன்று பிஸ்கட் மாதிரி முறிந்தது. சூடாக்கிய துண்டு உடையவில்லை. கதவைத் திறக்குமுன் இருபது நிமிடம் வளையத்தில் சூடு ஏற்றினால் போதும்.

இதை 40-ஆவது பதிவின் மூன்றாவது பத்தியில் வைத்தேன்.

நாள் 206, இரவு 21:30

பிரணவ்: "மேடம், ரப்பர் வர்ற எடத்துல எல்லாரும் எறங்கிடுறாங்க. அந்த சூரியன் பனி மேல நீலமா எறங்குறது சொல்லியிருந்தீங்கல்ல, அத மட்டும் வச்சுக்கலாமா? நீங்களே ஒரு தடவ வெட்டிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும். நாங்க வெட்டுனா உங்க குரல் போயிடும்."

வெட்டிக் கொடுத்தேன். பொறியாளர்களுக்கு முழுதும் போகிறதென்று சொல்லியிருக்கிறார்களே. 140 சொல், அத்தனையும் நீலம். பதினொரு லட்சம் பேர் படித்தார்கள்; நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் கடைசிவரை. அந்த எண்ணை மூன்று தடவை திறந்து பார்த்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

வண்டிகளுக்குப் பொறுப்பான பொறியாளர் கோமதிநாயகம் எழுதியிருந்தார்: "டாக்டரம்மா, நீங்க எழுதுனத வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். கண்ணு முன்னால பாத்த மாதிரி இருந்துச்சு." வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவனித்தேன். கேட்கவில்லை.

நாள் 212, மாலை 16:50

பம்ப் நின்றுவிட்டது. கழிவுத் தொட்டி பின்னோக்கித் தள்ளி, அறையின் தரையெல்லாம் பரவியது. நான்கு மணிநேரம் முழங்கையளவு கைவிட்டு அள்ளினேன். கையுறை ஒரு இடத்தில் கிழிந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன், அதையும் அள்ளினேன். நாற்றம் முடியில் ஏறிவிட்டது. இங்கே குளியல் என்பது ஈரத்துணி.

காரணத்தோடு ஒரு வரி மட்டும் பதிவில் எழுதினேன், பம்ப் எப்படி நின்றதென்று பொறியாளர்களுக்குத் தெரியட்டும் என்று.

நாள் 213, இரவு 21:10

பிரணவ்: "மேடம், அந்த ஒரு வரி வேற லெவல். எல்லாரும் அதையே கேக்குறாங்க. வாசன எப்படி, கையில பட்டப்ப எப்படி இருந்துச்சு, வாந்தி எடுத்தீங்களா. எம்பது சொல்லு போதும்."

எழுதினேன். நாற்பது லட்சம் பேர்.

முந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான பனி. ஒரு லட்சம் வருடத்துக்கு முந்தைய காற்று அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நானூற்றுப் பத்து பேர். என் மலம், நாற்பது லட்சம். தொட்டியை அள்ளியபோது வந்த அருவருப்பைவிட இப்போது வருவது மோசம். அவர்கள் மேலா, கேட்டதும் எழுதிக் கொடுத்த என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

நாள் 218, காலை 10:30

உச்சவரம்பு நாற்பது சொல். கேட்டுக்கொள்ளவில்லை, அமைப்பிலேயே பூட்டிவிட்டார்கள். நாற்பத்தொன்றாவது சொல்லைத் தட்டினால் திரை ஏற்பதில்லை.

கிழக்கு முகாமின் பதிவு வந்தது. அவர்களுக்கும் நாற்பதுதான். "நானும் ரஹமத்துல்லா பாயும் நாளை மறுநாள் வண்டியில் பெரும்பள்ளத்துக்குள் இறங்குகிறோம். மூன்று நாள் பயணம். சூரியன் படாத தரை. உற்சாகமாக இருக்கிறோம். சுடலைமுத்து." சூரியன் படாத தரை என்றால் மைனஸ் 115, 120.

பொறியாளர்கள் வளையத்தைப் பார்க்காமல் அனுப்பமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் பதிவில் கேட்டேன்: "வளையச் சோதனையைப் பார்த்தீர்களா?" அது கடைசி வரி. மேலே பனியைப் பற்றி முப்பத்தாறு சொல், வாசகர்களுக்காக.

நாள் 223, பகல் 12:15

கோமதிநாயகம்:

"டாக்டரம்மா, சுடலைமுத்துவும் ரஹமத்துல்லாவும் போயிட்டாங்க. பள்ளத்துக்குள்ள மூணாவது தடவ எறங்கி, திரும்ப ஏறி, கதவ அடச்சு, தலைக்கவசத்தக் கழட்டி வச்சுருக்காங்க. பதினோரு நிமிசம் கழிச்சு வண்டிக்குள்ள இருந்த காத்து பூரா ஒரேயடியா வெளிய போயிருச்சு. கண்ணாடி உடஞ்சிருக்கும்னு இங்க பேசிக்கிடுதாங்க. நாச்சியாரு முகாம்ல தனியா இருக்கா."

கண்ணாடி இல்லை.

மாலை 15:00

இன்றைய பதிவை அனுப்பினேன். வளையம். வளையம். வளையம். நாற்பது தடவை.

நாள் 224, காலை 09:40

வெளியே எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை.

என் பதிவுகள் பூமியில் வெளியானபடியே கேட்டு வாங்கிப் படித்தேன். 31-ஆவது பதிவு முந்நூறாவது சொல்லில் நிற்கிறது. கீழே 'மேலும் படிக்க' என்று ஒரு பொத்தான். பொறியாளர்களுக்குப் போனதும் அதுவே, பொத்தான்கூட இல்லாமல். கிழக்கு முகாமுக்குப் போனதும் அதுவே. நாள் 218-இல் நான் கேட்ட கேள்வியும் கடைசி வரி என்று வெட்டப்பட்டிருக்கிறது. 40-ஆவது பதிவில் வளையமே இல்லை. அதில் அமைப்பு எதையும் வெட்டவில்லை. வெட்டியது நான். என் கையால். நீலத்துக்காக.

கோமதிநாயகம் எழுதினார்: "எங்க மேசைக்கும் சுருக்கம்தாம்மா வருது. முழுசும் வேணும்னா தனியா கேக்கணும்னு ஒரு உத்தரவு இருக்கு. நான் கேக்கல. நல்லா இருக்குன்னு வாசிச்சுட்டு வச்சுட்டேன். எனக்கு மன்னிப்புக் கேக்கக்கூட வாய் வரல."

எனக்கும் வரவில்லை. காலைச் சாப்பாட்டைத் திறந்தேன், நெடி பிடிக்கவில்லை, மூடிவிட்டேன்.

நாள் 225, காலை 10:20

நாச்சியாரின் பதிவு எனக்கென்றே வந்தது:

"அக்கா, தனியா இருக்கக்கூடாதுன்னு உங்க நிலையத்துக்கு வரச் சொல்லிட்டாங்க. ரெண்டாவது வண்டிய எடுத்துட்டுக் கெளம்புறேன். வளையம்னு நாப்பது தடவ எழுதியிருக்கீங்க, ஒண்ணும் புரியல. உங்க பதிவ ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். எங்கயும் வளையம் பத்தி இல்லையே அக்கா."

எழுந்து போய் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். 

பாதையைப் பார்த்தேன். முகாமின் வண்டிக் கொட்டகை சூடானது. அங்கே கதவை மூடிக்கொண்டு கிளம்பினால் வழியில் திறக்க வேண்டியதில்லை. பனிச்சரிவின் அடியில், இங்கிருந்து ஆறு கிலோமீட்டரில், மாற்று பேட்டரிப் பெட்டி இருக்கிறது. அங்கே இறங்கி மாற்றினால்தான் சரிவில் ஏற முடியும். மாற்றிவிட்டு உள்ளே வந்து கதவை அடைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றுவாள். எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

எழுதினேன். இருபத்தைந்து சொல்.

"நாச்சியார், வண்டிக் கதவின் ரப்பர் வளையம் குளிரில் உடைகிறது. அதனால்தான் இருவரும் இறந்தார்கள். கதவைத் திறக்குமுன் வளையத்தை இருபது நிமிடம் சூடாக்கு. மூடியபின் தலைக்கவசத்தைக் கழற்றாதே. பனிச்சரிவின் அடியில் பேட்டரி மாற்றும்போதும் இதையே செய்."

நாள் 226, காலை 10:25

பிரணவ்:

"மேடம், உங்க மெசேஜ் ரொம்ப பவர்ஃபுல். ஒரேயடியா போட்டா ஒரு நாளோட முடிஞ்சிடும்னு மூணா பிரிச்சிருக்காங்க. மொதல் பகுதி நேத்து போயாச்சு. ரெண்டாவது நாளைக்கு சாயங்காலம். ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க மேடம்."

முதல் பகுதியை இணைத்திருந்தார். "நாச்சியார், உன்னிடம் சொல்லாமல் மறைத்த ஒரு உண்மை இருக்கிறது..." அவ்வளவுதான். இந்தச் சொற்கள் என்னுடையவை இல்லை.

நாச்சியார் சரிவின் அடிக்கு வருவது நாளை பகல். இரண்டாம் பகுதி நாளை மாலை.

இது உயிர் போகிற விஷயம், இப்போதே முழுதும் அனுப்புங்கள் என்று எழுதினேன். இருபத்தெட்டு நிமிடம் கழித்துப் பதில்: "என் கையில இல்ல மேடம். வரிசைய சிஸ்டம்தான் போடுது. நான் மேல சொல்லிப் பாக்கறேன்." கோமதிநாயகத்துக்கும் எழுதினேன். "அந்தப் பொண்ணுக்கு எது போகணும்னாலும் அதே வரிசைதாம்மா. ஆபீசு ஆபீசா ஏறி எறங்கிக்கிட்டு இருக்கேன். வெக்கமா இருக்கு."

பிரணவுக்குத் தாய் தகப்பன் இருப்பார்கள். நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். 'காத்துக்கிட்டு இருக்காங்க' என்று எழுதும்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சிரித்த முகம்தான் வருகிறது. 

நாள் 227, மாலை 17:30

கதவு காற்றைப் பிடிக்காவிட்டால் வண்டி நகராது; என்னுடையது வெடிப்போடு நிற்கிறது. உடையில் இருக்கும் சிறு ரேடியோ நேர்ப்பார்வையில் ஏழு கிலோமீட்டர் எட்டும். காலை பத்து மணிக்கு உடை மாட்டிக்கொண்டு அளவீட்டுக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தேன். பன்னிரண்டு மீட்டர் உயரம். மைனஸ் 104. உடையின் ஆக்சிஜன் ஒன்பது மணிநேரம். ஒவ்வொரு நிமிடமும் அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

13:40-க்கு வண்டியின் விளக்கு தெரிந்தது. 13:46-க்குப் பேட்டரிப் பெட்டிக்கு அருகே நின்றது. 13:47:

"அக்கா? நீங்களா? கொரல் கேட்டு எத்தன நாளாச்சு."

கதவைத் தொடாதே என்றேன். "சரி, தொடல. என்னக்கா, மூச்சு வாங்குது ஒங்களுக்கு." வண்டிக்குள் இருக்கும் சூடேற்றியைக் கழற்றி வளையத்தின் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். இருபது நிமிடம் என்றேன். ஏன் என்று கேட்டாள்.

சொன்னேன். முப்பத்தொன்றாவது பதிவின் ஒன்பதாவது பத்தியிலிருந்து தொடங்கினேன். இடுக்கி, ஆறு துண்டு, பிரணவ், நானூற்றுப் பத்து பேர், நீலம், பதினொரு லட்சம். நானே வெட்டினேன் என்பதையும் சொன்னேன். யாரும் சொல்லை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டும்வரை பேசினேன்.

அவள் அழுவது கேட்டது. பிறகு:

"சுடலை அண்ணன் கெளம்புறப்ப ஒங்க நீல சூரியன் பதிவ சத்தமா வாசிச்சுக்கிட்டே தான்க்கா வண்டியில ஏறுச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இருவது நிமிசம் ஆயிருச்சு. தெறக்கவா?"

திற என்றேன். திறந்தாள், மாற்றினாள், அடைத்தாள், தலைக்கவசத்தோடு உட்கார்ந்தே சரிவில் ஏறினாள். 16:20-க்கு நிலையத்துக்குள் வந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். நிலையத்தில் இருந்த நாற்றத்தை அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாள் 229, காலை 10:30

பிரணவ்:

"மேடம், ரெண்டு பேரும் சேஃப்னு கேட்டு அவ்ளோ சந்தோஷம். விபத்து விசாரணைக்காக வண்டியோட ஆடியோ முழுசா வந்துச்சு. இருபத்தி மூணு நிமிஷம். அதுல நாச்சியார் மேடம் அழற எடத்த மட்டும் ஒன்பது செகண்டு எடுத்துப் போட்டிருக்கோம். தொண்ணூத்தெட்டு பர்சென்ட் கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்க. இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா?"

இருபத்து மூன்று நிமிட ஒலிக்கு இடம் இருந்திருக்கிறது. இருபத்தைந்து சொல்லுக்கு இல்லை.

நாச்சியார் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். போய்க் கை கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

நாள் 231, காலை 11:00

மைனஸ் 109. இருப்பைச் சேர்ந்து கணக்கெடுத்தோம். நிலையம் ஒரு ஆளுக்குக் கட்டியது. நாச்சியார் கொண்டுவந்ததையும் சேர்த்தால் இருவருக்கு உணவு நாள் 320 வரை. வசந்தத்தில் ஆட்கள் வருவது நாள் 402. சுற்றுப்பாதையில் ஒரு சரக்குக் கலம் நிற்கிறது. அதை இறக்கினால் போதும். இறக்கும் ஆணையைப் பூமிதான் இட வேண்டும்.

இருவரும் உட்கார்ந்து வெட்டி வெட்டி எழுதினோம். பன்னிரண்டு சொல். கோமதிநாயகம் பெயரையும் போட்டோம்.

"இருவருக்கும் உணவு நாள் 320 வரை மட்டுமே. சரக்குக் கலத்தை உடனே இறக்குங்கள். கோமதிநாயகத்திடம் சொல்லுங்கள்."

11:05. அனுப்பினோம்.

நாள் 232, காலை 10:20

கோமதிநாயகத்திடமிருந்து ஒன்றும் இல்லை. பணியாளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே, வேறு பணிக்கு மாற்றம் என்று இருக்கிறது.

பிரணவ்:

"மேடம், பன்னெண்டும் ஜாஸ்தின்னு காட்டுச்சு. இப்ப சிஸ்டமே சுருக்கி எழுதிக்குது, நீங்க செரமப்பட வேணாம். இதுவரைக்கும் வந்ததுலயே பெஸ்ட் இதுதான். நூத்துக்கு நூறு பேர் கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க. நாங்களும்தான்."

வெளியான பதிவை இணைத்திருக்கிறார்.

"நாங்கள் இருவரும் நலம்."